புல்வெளிப் பக்கத்துக் கதவு

முதலில் அது யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் போலத்தான் இருந்தது. சரக், சரக், துருவியதைத் தட்டில் தள்ளிவிடுகிற அளவுக்கு ஓர் இடைவெளி, பிறகு மறுபடி சரக். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த சிசிலியாவின் கை அப்படியே நின்றது. அடுப்படியில் அவளைத் தவிர யாரும் இல்லை. வேலைக்கு வரும் மாதம்மா நாலு மணிக்கே தோட்டத்து லைன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மணி ஏழே கால், மலையில் இருட்டி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது, இந்நேரத்துக்கு இந்தக் குளிரில் யார் வெளியே உட்கார்ந்து தேங்காய் துருவப்போகிறார்கள். சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தது. பின்பக்கம் என்றால் துணி காயப்போடும் கயிற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் போதுமான தரை, அதற்குப் பிறகு கிளப்பின் கருங்கல் சுவர், சுவரில் அந்தப் பச்சைக் கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் இருட்டும் கோல்ஃப் மைதானமும். கதவைச் சாத்தினாரா அவர்? சாத்தினார், சாத்துகிற சத்தம் கேட்டது, ஐந்தரை மணிக்கு ஒரு மெம்பரின் விருந்தாளியாக, வெண்ணெய் நிறப் பேண்டும் புதுத் தொப்பியுமாகக் குனிந்து அந்தக் கதவு வழியாகப் போய், அந்தப் பக்கத்திலிருந்து இழுத்துச் சாத்தினார். ஆனால் கொக்கி போட்டிருக்கமாட்டார். கொக்கி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், போடாவிட்டால் யார் வேண்டுமானாலும் தள்ளலாம், இதில் என்ன வித்தியாசம் என்று அவளே ஒருநாள் கேட்டதற்கு, உனக்கு எல்லாமே பயம் சிசி, நிழலைக் கண்டாலும் பயம் என்றார் குணசீலன். நிழலைப் பற்றி அவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

ஷெரினுக்குப் பத்து மாதம். பாலுக்குப் பிறகு தோளிலேயே தூங்கிவிட்ட குழந்தையின் வாய் இவள் கழுத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது, மூச்சு போய்ப் போய் வந்தது, அந்தச் சத்தத்துக்கும் இந்த மூச்சுக்கும் நடுவில் இவள் நின்றாள். தொட்டிலில் போடலாம், போட்டால் இரண்டு கையும் காலியாகும், ஆனால் காலியான கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது. சத்தம் நின்றது. நின்றது பெரிய உபகாரம், இனி மேஜையைப் பார்க்கலாம், மேஜை மேல் அந்தக் காகிதம். பாங்க் காகிதம், டெபாசிட்டை முறிப்பதற்கு. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குணசீலன் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார், கான்வென்ட் பரீட்சையில் தப்பான விடைக்கு மதர் போடுவது போலவே, அளவுகூட அதேதான். ஷெரின் பேரில் மூன்று லட்சம். காப்பாளர், தாய். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் இரும்போடு இரும்பாக நின்று ரிட்டயரான அப்பா, பேத்தி பிறந்த மாதமே போட்ட பணம். “ஏம்மா சிசிலி, இது மாப்பிள்ளைக்குத் தெரியாம இருக்கணும்னு இல்ல, ஆனா அவர் கேட்டா எடுத்துக் கொடுக்கிற பணமா இருக்கக் கூடாது” என்றார் அப்பா ஃபோனில். சரி அப்பா என்றாள். அவளுக்குச் சரி என்று சொல்லத்தான் தெரியும், எஸ் மதர், எஸ் சிஸ்டர், சரி அப்பா, சரிங்க. நாளைக்குக் காலை பதினொரு மணிக்குள் கிளப்பில் உறுப்பினர் கட்டணம் ஒன்பது லட்சம் கட்டியாக வேண்டும். ஆறு அவரிடம் இருக்கிறது. மிச்சம் மூன்று. அந்த மூன்று எங்கிருந்து முளைத்தது? அது இவள் வாயிலிருந்து முளைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நாலு மணி, கிளப்பில் நேர்காணல். மனைவியும் கட்டாயம் வர வேண்டும், அது கிளப்பின் வழக்கம், ஆணின் பணத்தையும் பெண்ணின் பேச்சையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பார்கள். மூன்று நாள் ஒத்திகை நடந்தது. தேயிலையைக் கலந்து பொட்டலம் போட்டு விற்கும் குணசீலனுக்கு எந்தத் தூள் எந்தத் தோட்டத்து இலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரும், இங்கிலீஷ் மட்டும் தொண்டையில் வழுக்கிவிடும். “நீ பேசு சிசி, நான் சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இதுக்குத்தானே உன்னைக் கட்டினேன்” என்று கன்னத்தைத் தட்டினார், வேடிக்கைக்குத்தான் சொன்னார், வேடிக்கைக்கு என்றே அவள் எடுத்துக்கொண்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். பெண்கள் பிரிவுக்குத் தலைவியான மிஸஸ் முத்தண்ணா வெள்ளைத் தலையைச் சாய்த்து, எந்தக் கான்வென்ட் என்றாள். சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது, அவளுடைய தங்கையும் அங்கேதான் படித்தாளாம், மதர் சுப்பீரியர் இன்னும் அந்தக் கருப்புக் குடை வைத்திருக்கிறாரா. அந்தக் குடைதான் எல்லாவற்றுக்கும் காரணம். குடையைக் கேட்டதும் இவளுக்குள் ஏதோ இளகிவிட்டது, இவர்கள் நல்லவர்கள், இவர்களுக்கு இன்னும் ஒரு நல்ல செய்தி கொடுக்கலாம் என்று தோன்றிவிட்டது. “மை ஃபாதர் இன் லா வாஸ் வித் திஸ் கிளப் ஃபார் தர்ட்டி ஒன் இயர்ஸ், சார்.” ஒரு பிழை இல்லை. தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார், அப்படியா, சொல்லவே இல்லையே, மெம்பர் நம்பர் என்ன? குணசீலன் தட்டிலிருந்த பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம், ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம், ஆனால் கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். நம்பர் இல்லை சார், என் மாமனார் புல்வெளியைப் பார்த்துக்கொண்டார், ஒன்பதாம் குழியில் புல் வெட்டும் மெஷினைத் தள்ளினார். யாரோ ஒரு கரண்டியைச் சாஸரில் வைத்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. “ஓ, ஹௌ ஸ்வீட்” என்றாள் மிஸஸ் முத்தண்ணா.

திரும்பி வரும்போது குணசீலன்தான் காரை ஓட்டினார். வளைவில் கியரை மாற்றிக்கொண்டே, “நல்லாத்தான் பேசினே. இங்கிலீஷ்ல தப்பே இல்ல” என்றார். வியாழக்கிழமை கடிதம் வந்தது. சாதாரண உறுப்பினர் இடம் தற்சமயம் காலியில்லை, சிறப்பு உறுப்பினராகச் சேரலாம், ஆறுக்குப் பதில் ஒன்பது லட்சம், ஓட்டு கிடையாது. அன்றைக்குத்தான் அவர் சிரித்தார், சத்தமாக, தொட்டிலில் கிடந்த ஷெரின் திடுக்கிட்டு எழுகிற மாதிரி. “உங்க ஸ்கூல்ல தமிழ் பேசினாத்தானே ஃபைன் போடுவாங்க? இங்க இங்கிலீஷுக்குப் போட்டிருக்காங்க பாரு. ஒரே வாக்கியம், மூணு லட்சம்!” அவளும் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஐம்பது பைசா, ‘ஐயோ’வுக்கும் ஐம்பது பைசாதான், ஒருமுறை படிக்கட்டில் தடுக்கி விழுந்து மூன்று ஐயோ சொல்லி ஒன்றரை ரூபாய் கட்டினாள், முட்டியில் ரத்தத்தோடு. அப்போது எது எவ்வளவு பெறும் என்று தெளிவாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இப்போது யாரும் ஒட்டவில்லை. ஒரு மெம்பர்ஷிப் என்ன பெறும்? குணசீலனைக் கேட்டால் விரலை மடக்குவார், ஹோட்டல்காரர்கள் அங்கேதான் விளையாடுகிறார்கள், தேயிலை ஏல கமிட்டி அங்கேதான் குடிக்கிறது, ஒரு வருஷ ஆர்டர் ஒரு சாயங்காலத்தில் முடியும். இருக்கலாம். முடிந்தால் ஷெரினுக்கு மூன்று என்ன, முப்பது போடலாம். முடியாவிட்டால்? சிறப்பு உறுப்பினரோடு யாராவது விளையாடுவார்களா, ஹௌ ஸ்வீட் என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார்களா, அப்போது அவர் அந்தத் தொப்பியை என்ன செய்வார். மூன்று லட்சத்தை அவள் பயத்தால் வகுத்துப் பார்த்தாள், வெட்கத்தால் வகுத்துப் பார்த்தாள், மீதி வந்துகொண்டே இருந்தது.

சரக். இப்போது அருகில். மரத்தின் மேல். கதவின் மேல். சுவரில் இல்லை, கதவில்தான், பலகை முனகுவது கேட்கிறது. சிசிலியா அடுப்படி விளக்கை அணைத்தாள், அணைத்ததும் தவறு என்று தோன்றி மறுபடி போட்டாள், வெளிச்சம் இருந்தால் ஆள் இருப்பது தெரியும், இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று வருவார்கள், எது மோசம்? ஆள் என்று ஏன் நினைக்கிறாள். ஆளாக இருந்தால் தள்ளியிருக்கமாட்டானா. ஒருவேளை தள்ளத் தெரியாதவனோ, ஒருவேளை குடித்தவனோ, ஒருவேளை கையில் ஏதோ வைத்துத் தேய்க்கிறானோ. அருள் நிறைந்த மரியே. பாதியில் நின்றுவிட்டது, அடுத்த வரி வரவில்லை, அதற்குப் பதில் கான்வென்ட் விடுதியின் கதவு வந்தது. நீளமான கூடம், நாற்பது கட்டில், இரவு எட்டரைக்குச் சிஸ்டர் எண்ணிப் பார்த்துவிட்டு வெளிப்பக்கம் தாழ்போட்டுவிடுவார், காலை ஐந்துக்கு மணியோடு திறப்பார். உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது, பெண் பிள்ளைகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் எதற்கு. ஏழாம் வகுப்பில் ரோசலினுக்கு மூச்சிரைப்பு வந்த ராத்திரி நாற்பது பேரும் மாறி மாறி அந்தக் கதவைத் தட்டினார்கள், இங்கிலீஷிலேயே கத்தினார்கள், சிஸ்டர், ப்ளீஸ் சிஸ்டர், அந்த நேரத்திலும் ஐம்பது பைசா ஞாபகம் இருந்தது. ரோசலினின் முதுகு சிசிலியாவின் உள்ளங்கையின் கீழே ஏறி இறங்கிய விதம், பழைய துருத்தி போல. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அந்தக் கட்டிலில் வேறு பெண் வந்தாள். ரோசலின் எங்கே என்று கேட்க யாருக்கும் முழு வாக்கியம் கிடைக்கவில்லை. அந்தக் கதவும் பச்சைதான். பச்சைதானா? இல்லை, இது பச்சையாக இருப்பதால் அதையும் பச்சையாக்குகிறாள்.

தோளில் ஷெரின் நெளிந்தாள். தட்டிக்கொண்டே மேஜையைச் சுற்றி நடந்தாள், காகிதத்துக்கு அடியில் கிளப்பின் விதிப் புத்தகம், நீல அட்டை. குணசீலன் படிக்கவில்லை, நீ படிச்சு எனக்குச் சுருக்கமா சொல்லு என்று கொடுத்திருந்தார். பதினாலாம் விதியில் அவள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள், கோடு போட்டதோடு சரி, சொல்லவில்லை. சுவரை ஒட்டிய வீடுகளில் கதவு இருந்தால் உறுப்பினர் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். கிளப் ஊழியர்கள் பந்து எடுக்க வரும்போது எந்நேரமும் கிளப் பக்கத்திலிருந்து திறக்கும்படி அது இருக்க வேண்டும், வீட்டுப் பக்கம் பூட்டோ தாழ்ப்பாளோ கூடாது. உறுப்பினர் அல்லாதவர் வீட்டுக் கதவு வீட்டுக்காரர் செலவில் கல் வைத்து அடைக்கப்படும். இரண்டு மூட்டை சிமெண்ட், கொத்தனார் கூலி, மிஞ்சிப்போனால் ஆறாயிரம். சிசிலியா நின்றாள். மறுபடி படித்தாள். இவ்வளவு நாளாக இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அல்லவா வாசித்திருக்கிறாள். ஒன்பது லட்சம் கொடுத்தால் அந்தக் கதவு திறந்தே இருக்கும், கொடுக்காவிட்டால் மூடிவிடுவார்கள், அவர்களே வந்து, கல் வைத்து. அவளுக்கு வேண்டியதைக் கிளப் ஆறாயிரத்துக்குத் தருகிறது, வேண்டாததை ஒன்பது லட்சத்துக்கு. சிரிப்பு வந்தது, கூடவே அவருடைய முகமும் வந்தது. இந்த வீட்டையே அந்தக் கதவுக்காகத்தான் வாங்கினார். பத்திரப்பதிவு முடிந்த அன்றைக்குக் கதவில் கையை வைத்துக்கொண்டு சொன்னார், “எங்கப்பாவை மெயின் கேட்ல விட்டதே இல்ல சிசி. வேலைக்காரங்க எல்லாம் இந்தக் கதவு வழியாத்தான். நான் சோத்துத் தூக்கை எடுத்துக்கிட்டு இங்கதான் நிப்பேன், உள்ள காலை வைக்கக்கூடாது. இனிமே இதே கதவு வழியா நான் மெம்பரா உள்ள போவேன்.” அப்போது அவர் கண் கலங்கியிருந்தது, இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு என்ன விலை போடுவது. அதற்கு ஒன்பது லட்சம் குறைவுதானோ. ஆனால் அது வேலைக்காரர்களின் கதவுதானே இன்னமும், அவர் வெண்ணெய் நிறப் பேண்ட் போட்டுக்கொண்டு குனிந்து போகிற கதவு, மாமா குனிந்த அதே உயரத்தில். மிஸஸ் முத்தண்ணா எந்தக் கதவு வழியாக வருகிறாள்? இதை அவரிடம் எப்படிச் சொல்வது. ஒரு வாக்கியத்துக்கு மூன்று லட்சம் என்றால் இந்த வாக்கியம் எவ்வளவு ஆகும்.

கதவு அதிர்ந்தது. இப்போது தேய்க்கவில்லை, மோதுகிறது. சிசிலியா குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள், அடுப்படிக் கதவுக்குள்ளேயே நின்றுகொண்டு ஃபோன் விளக்கைக் கயிற்றில் தொங்கிய துணிகளுக்கு ஊடே அடித்தாள். பச்சைப் பலகைகள். நடுவில் ஒரு விரல் இடைவெளி. இடைவெளியில் ஏதோ வழுவழுப்பாக, கொம்பு. கொம்பு மேலே போனது, கீழே வந்தது, சரக், அதற்குப் பின்னால் ஈரமான பெரிய மூச்சு. காட்டெருமை. இருட்டினால் புல்லுக்கு இறங்கி வரும் என்று மாதம்மா சொல்லியிருக்கிறாள், முதுகு தினவெடுத்தால் எதிலாவது தேய்க்கும் என்று. பேய் இல்லை, குடிகாரன் இல்லை, பயம் இறங்க வேண்டும், இறங்கவில்லை, ஏனென்றால் கதவு உள்பக்கமாகத் திறப்பது. ஒரு தள்ளு போதும். இந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது, போன மாதம் அவள் அழுது அடம்பிடித்து ஆசாரியை வைத்து அடித்தது. அடுத்த வாரமே பெயிண்டர் வந்து கதவோடு சேர்த்துத் தாழ்ப்பாளுக்கும் பச்சை அடித்துவிட்டுப் போனான், அது அப்படியே ஒட்டிக்கொண்டது, அசையாது. பார்த்துக்கலாம் என்றார் குணசீலன். ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபோன் நாலாவது மணியில் எடுக்கப்பட்டது. பின்னால் கண்ணாடிக் கிளாஸ்கள் உரசும் சத்தம், யாரோ சிரிப்பது.

“சீக்கிரம் சொல்லு சிசி, இங்க ஃபோன் பேசினா ஐந்நூறு ஃபைன்.”

“பின்பக்கம் சத்தம் கேக்குதுங்க. தேங்காய் துருவுற மாதிரி.”

“பேய் சட்னி அரைக்குதா?”

“காட்டெருமைங்க. கொம்பைப் பார்த்தேன். கதவுல தேய்க்குது.”

“ஓ, அதா. ஒன்பதாம் குழிக்குத் தினம் வருமாம், ஒண்ணும் பண்ணாது. எட்டரைக்கு ஒரு டார்ச் வாங்கிட்டு அந்த வழியாத்தான் வரேன். பாங்க் ஃபார்ம்ல போட்டுட்டியா?”

“அந்த வழியா வராதீங்க. ரோட்டு வழியா வாங்க.”

“ஏம்மா, மூணு கிலோமீட்டர் சுத்து! கார்கூட எடுத்துட்டு வரல. மெயின் கேட்ல நடந்து போனா வாட்ச்மேன் என்ன நினைப்பான்?”

அவள் வாயைத் திறந்தாள். விலை கேட்காமலே அந்த வாக்கியம் வெளியே வந்துவிட்டது. “மாமாவைத்தான் அந்த கேட்ல விட்டதில்ல. நீங்களாவது நடுவுல நடந்து வாங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். கிளாஸ் சத்தம் தூரமாகிவிட்டது, அவர் வராந்தாவுக்கு வந்திருக்க வேண்டும். அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி சரிங்க என்று சொல்லிவிடுவாள். “ஃபார்ம்ல போடலைங்க. போடமாட்டேன். பதினாலாம் விதியை நீங்க படிங்க. அந்தப் பணம் போனா இந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாளே கூடாதாம், குழந்தை இருக்கிற வீடு. என் வாயாலதான் மூணு லட்சம் ஏறுச்சு, ஒத்துக்கறேன். அதை ஷெரின்கிட்டருந்து வாங்காதீங்க.”

“சிசி, இதை வந்து பேசுவோம். கதவைச் சும்மா சாத்தி வை.”

“சாத்தித்தான் இருக்கு. அதுதான் பிரச்சனை.”

ஃபோனை அணைக்காமல், ஸ்பீக்கரைப் போட்டு, விளக்கோடு துவைக்கிற கல்லின் மேல் சாய்த்து வைத்தாள். மூலையில் அவருடைய பழைய கோல்ஃப் ஸ்டிக்குகள், கோயம்புத்தூரில் ஏலத்தில் எடுத்த பை, அதிலிருந்து கைக்குக் கிடைத்ததை உருவினாள், இரும்புத் தலை உள்ளது, எண் ஏழு. கால் கூசியது, ஈரப் புல், செருப்பு போட மறந்துவிட்டாள். கதவுக்கு அருகில் போனதும் அந்த வாடை, சாணமும் ஈரத் தோலும் நசுங்கிய புல்லும், ஒரு பலகையின் தடிமன்தான் நடுவில். மாமா இந்த வாடையோடுதான் தினம் வீட்டுக்கு வந்திருப்பாரோ. ஐயோ, என்றாள் வாய்விட்டு, ஐம்பது பைசா, இருக்கட்டும். ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்துத் தாழ்ப்பாளின் குமிழில் இரும்புத் தலையால் ஓங்கி அடித்தாள். பச்சைப் பெயிண்ட் செதிலாகத் தெறித்தது. அந்தப் பக்கம் மூச்சு நின்றது. இன்னொரு அடி, விலா வரைக்கும் அதிர்ந்தது, உள்ளே ஷெரின் வீரிட்டாள், அந்த அழுகையில் கொம்பு பலகையைவிட்டு விலகியது, கனத்த குளம்புகள் புல்லில் இரண்டடி, மூன்றடி.

“சிசி! என்ன சத்தம் அது? சிசி!” கல்லின் மேலிருந்து குணசீலனின் குரல் கூவியது.

“தாழ்ப்பாள்ங்க” என்றாள் அவள் மூச்சிரைக்க.

“அப்போ நான் எப்படி வர்றது?”

“கேட் வழியா. நான் முன்வாசல் விளக்கைப் போட்டு வைக்கறேன்.”

மூன்றாவது அடியில் குமிழ் அசைந்தது. ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள், குளிர்ந்த இரும்பு, துருவும் பெயிண்டும் கையில் ஒட்டியது, முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது, ஃபோனில் அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், தாழ்ப்பாள் ஒருமுறை முரண்டு பிடித்துவிட்டுக் கருங்கல்லில் குடைந்திருந்த குழிக்குள் கடைசி வரைக்கும் போய் உட்கார்ந்தது.